சிவப்புப் பொத்தானும் சில மேதைகளும்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், குழாய் எரிவாயு எட்டாத பல வீடுகளின் நிலவறையில் எண்ணெயில் எரியும் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று குடியிருக்கும். அதைப் பொருத்தியதும் தொட்டியை நிரப்பி, குழாயில் காற்றெல்லாம் போய் நீர் சீராக விழுவதைப் பார்த்த பிறகே பர்னரைப் பற்றவைக்க வேண்டும். கையேட்டில் இது பெரிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை.

தொட்டி நீரின் வெப்பநிலை 99 டிகிரி செல்சியஸையோ அழுத்தம் 150 பி.எஸ்.ஐ.யையோ எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே தள்ளும். தரை நனைகிறதே என்று அதன் வாயை அடைக்கும் சிக்கனக்காரர், ஒரு மூடியின் செலவில் சொந்தமாக ஒரு வெடிகுண்டு வைத்துக்கொள்கிறார்.

பர்னர் அணைந்துபோனால், அதை மீண்டும் இயக்கும் சிவப்புப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தலாம். அப்போதும் பற்றாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். வராத லிஃப்டுக்கு அழுத்துவதுபோல அழுத்திக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். பற்றும்போது மொத்தமும் சேர்ந்து பற்றும். அதன்பின் சுவர், திரைச்சீலை, மேதையின் முகம் எல்லாம் ஒரே நிறம்.

புகைபோக்கி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணம் கிடையாது. அதைக் கண்டறியும் கருவி அலறினால், பேட்டரியைக் கழற்றி அமைதி காண்பவர்களும் உண்டு. மற்றவர்கள் வெளியே ஓடித் தீயணைப்புத் துறையை அழைக்கிறார்கள்.