திருமுதுகுன்றச் சூளைப் பதிவின் ஈற்றடி: ஒரு மூலபாட ஆய்வு

விருத்தாசலம் என்று இன்று வழங்கும் திருமுதுகுன்றத்தில், பீங்கான் சூளை ஒன்றின் லாக் கோப்பை வரிவரியாகப் படிக்க இவ்வாய்வாளர் ஒரு ஸ்கிரிப்ட் இயற்றினார். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. வரிக்குள் நேரம், காற்புள்ளி, வெப்பநிலை. வரி என்பதற்கு அரசுக்குக் கட்டுவது என்றும் பொருள் உண்டு. சூளை முதலாளி அதைப் பேச விரும்பாததால் விடப்பட்டது.

வரிகள் நால்வகைப்படும். வெற்றுவரி, தாண்டிப் போவது. தலைப்புவரி, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருப்பது, அதையும் தாண்டலாம். நடுவரிதான் பிழைப்பு. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென வீங்கும். அந்த இடத்தில் சூளையை விரட்டினால் உள்ளே வேகும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் விரிசல் விடும். 550-லிருந்து 600-க்கு ஏற எவ்வளவு நேரமானது என்று ஸ்கிரிப்ட் கழித்துச் சொல்லும். பயனுள்ள செய்தி ஆகையால், ஆய்வுலகில் இதற்கு மேல் இடம் தர இயலாது.

ஈற்றுவரிக்கு வருவோம்.

யூனிக்ஸ் உலகின் போசிக்ஸ் இலக்கணப்படி, வரிமுறிவுக் குறியில் முடிவதே வரி. முடியாதது வரியன்று. கடைசியில் எண்டர் விழாத கோப்பை ஷெல்லிடம் கொடுத்தால், அதன் 'ரீட்' கட்டளை அந்த எச்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டே 'தோல்வி' என்று சொல்லும். சுற்று அத்தோடு நின்றுவிடும். வரிகளை எண்ணச் சொன்னாலும் ஒன்று குறையும். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் ஆக்கிய 'ஆக்' நிரல்மொழி இந்த ஆசாரமெல்லாம் பார்ப்பதில்லை. ஈற்றுவரியையும் பந்தியில் உட்கார வைக்கும்.

உட்கார வைத்த பிறகே சிக்கல். ஓர் இரவு கரண்ட் போனது. கோப்பின் கடைசியில் நிற்பது இவ்வளவே: 03:40,12

12 யாது? ஏடு முறிந்தது, இது ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்பார் ஓர் அணியினர் (சூளை நோட்டு, பின்னட்டை). பாடம் பிழையற்றது, வெப்பநிலை 12 டிகிரியே என்பார் பிறிதோர் அணியினர் (மேற்படி, எண்ணெய்க் கறைக்குக் கீழே). அவர்கள் கணக்கில் சூளை பத்தே நிமிடத்தில் ஊட்டியாகிவிட்டது.

மூன்றாம் அணியினர் ஆழமானவர்கள். இவ்வூர் இறைவன் சுந்தரருக்குக் கொடுத்த பொன் 12,000. அவர் அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஒரு முனையில் இட்டதை மறுமுனையில் எடுப்பதுதானே யூனிக்ஸின் பைப்? போடுமுன் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி வைத்து, எடுத்தபின் மாற்று ஒப்பிட்டது செக்சம் அல்லாமல் வேறென்ன? ஆகவே 12-க்குப் பின் மூன்று சுழிகள் ஆற்றோடு போயின (மேற்படி, டீ டம்ளர் வட்டத்துக்குள், இடமிருந்து மூன்றாம் பென்சில் கீறல், அது கீறலன்று, எறும்பு என்பது மறுப்புரை, எறும்பு நகர்ந்துவிட்டபடியால் மறுப்புரையைச் சரிபார்க்க இயலவில்லை). யூனிக்ஸ் பிறந்தது மணிமுத்தாற்றங்கரையில்தான் என்று நிறுவ இன்னும் மூன்று கருத்தரங்குகள் போதும் என்கிறார்கள். இரண்டில் மதியச் சாப்பாடு உண்டு.

மூன்று தரப்பையும் தொகுத்துக்கொண்டு, இவ்வாய்வாளர் நோட்டும் கையுமாக இரவு ஷிப்ட் சூளைக்காரரிடம் போனார்.

"அண்ணே, கரண்ட் போனப்ப சூளை எத்தனையில இருந்துச்சு?"

"ஆயிரத்து எரநூத்து நாப்பது. நோட்டுலயே எழுதியிருக்கேனே தம்பி."

"பின்னட்டையிலயா?"

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, முன்பக்கம் தெரியத் திருப்பிக் கொடுத்தார்.