நம்ம பந்து எது?

"மாப்ளே, இதுல நம்ம பந்து எது?" என்றார் மாமனார்.

செஞ்சி வீட்டு டிவியில் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு டசனுக்கு மேல் உலகப் பட்டம் வாங்கியவர். மேசையில் மொத்தமே மூன்று பந்து: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. "வெள்ளை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் பந்தைக் காணோம். அத்வானியின் மோவாய் தெரிந்தது. பிறகு சாக்பீஸ். பிறகு எதிராளி தண்ணீர் குடித்தார். மேசை திரும்பி வந்தபோது ஸ்கோர் ஏறியிருந்தது.

மாமனார் நாற்பது வருஷம் நெல் மண்டியில் தராசு முள்ளைப் பார்த்தே காலம் தள்ளியவர். "எடை போடுறப்ப முள்ளைக் காட்டாம, மூட்டை தூக்குறவன் மூஞ்சியைக் காட்டினா விட்டுடுவேனா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து வர்ணனையாளர் "கேனன்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "பீரங்கி" என்று மொழிபெயர்த்துத் தொலைத்தேன். "அது நம்ம கோட்டையில, ராஜகிரி மலை உச்சியில இல்ல கெடக்குது?" என்றார். நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் அதற்குப் பெயர் கேனன், 2 புள்ளி என்று விளக்கினேன். "தொட்டுச்சா? யார் பார்த்தா?"

நியாயம்தான். இத்தனைக்கும் இந்த ஆட்டத்தின் தம்பி ஸ்னூக்கர் நம் மண்ணில் வளர்ந்த பிள்ளை. 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிமுறை பெற்றது. 1969-இல் பிபிசி 'பாட் பிளாக்' என்று ஒரு ஸ்னூக்கர் நிகழ்ச்சி தொடங்கியதே புதிதாக வந்த கலர் டிவியின் பெருமையைக் காட்டத்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்காரர்களுக்காக, பச்சைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ரோஸ் பந்து என்று விளக்கினாராம் வர்ணனையாளர் டெட் லோ. மாமனாருக்கு அவரைப் பிடித்துப்போனது. "பாவம், அவருக்காவது சொல்லணும்னு தோணிச்சே."

ஆட்டம் மெதுவாக நகர்கிறது என்று நாங்கள் குறை சொல்ல முடியாது. 1690-இல் மொகலாயர் போட்ட முற்றுகை முடிய 1698 ஆன ஊர் இது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்த கதையும் உண்டு; அதை டி20 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருஷம் காத்திருக்கவும் தயார். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். சென்னை மரியா இருதயம் இருமுறை உலக சாம்பியனான கேரமை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு நேர் மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டால் பத்தொன்பது காயும் தெரியும். பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலேயும் ஒன்றைத் தொங்கவிட்டு, ஆடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பந்தின் நிறத்தில் ஒரு பொட்டு வைத்தால், மாமனாரின் பாதிக் கேள்வி குறையும். மீதிப் பாதி என் சம்பளம் பற்றியது. அதை எந்தக் கேமராவும் தீர்க்காது.

ஒளிபரப்பும் தம்பிகளே, ஒருநாள் செஞ்சிக்கு வாருங்கள். ராஜகிரி 800 அடி. உச்சியில் நின்றால் கல்யாண மகால், களஞ்சியம், மூன்று மலையையும் சேர்த்துக் கட்டிய மதில் எல்லாம் ஒரே பார்வையில் விழும். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று அங்கே புரியும். காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயிலில் பாறை சுடும். கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், குரங்கு பிடுங்கும்.