தேங்காய் தட்டுதல்: ஓர் ஆறறிவு ஆய்வு

தேங்காயைத் தட்டாமல் வாங்கும் தமிழரைக் காண்பது அரிது. எதற்குத் தட்டுகிறோம், தட்டிவிட்டு எதைக் கேட்க வேண்டும் என்று விளக்கிச் சொல்பவரைக் காண்பது அதைவிட அரிது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. கள ஆய்வு தெருமுனைக் காய்கறிக் கடையில், பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டிலிருந்து விரட்டப்பட்ட நிலையில் நடத்தப்பட்டது.

முதலில் கோட்பாடு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. தொடு உணர்வு மட்டும் இருந்தால் ஓரறிவு. அதன்மேல் சுவை, மோப்பம், பார்வை, செவி என்று ஏறி, மனமும் சேர்ந்தால் ஆறறிவு. உச்சிப் படியில் நாம். அடிப்படியில் புல்லும் மரமும். வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உட்புறம் பாய்ந்தது மரம் என்பது அந்நூலின் பாகுபாடு. பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் அதன் கணக்கில் புல்லின் உறுப்புகள். ஆகவே தென்னை ஒரு புல். இன்றைய தாவரவியலும் அதை ஒருவிதையிலை இனத்தில், புல்லுக்குத் தூரத்துச் சொந்தமாகத்தான் வைத்திருக்கிறது. ஓரறிவுப் புல் காய்த்த காயிடம் ஆறறிவு மனிதன் வாரந்தோறும் ஏமாறுவது எப்படி? இதுவே நம் ஆய்வுச் சிக்கல்.

கண்ணில் தொடங்குவோம், தேங்காய்க்கும் கண் உண்டு என்பதால். மூன்று கண்களில் ஒன்றுதான் மெத்தென்றிருக்கும். முளை அதன் வழியே வெளியே வரும். பூஞ்சை அதன் வழியே உள்ளே போகப் பார்க்கும். கண்ணை மறைத்துக் குடுமி விட்டு உரிப்பது இதனால்தான். குடுமியை லேசாக விலக்கி ஈரக் கசிவு பார்ப்பது உத்தமம். குடுமியையே பிய்த்தெறிந்து பார்த்தபோது கடைக்காரர் கூறியவை அச்சேறத் தக்கவை அல்ல.

கைக்கு வேலை குறைவு: ஒரே அளவுள்ள இரண்டில் கனத்ததை எடுக்க வேண்டும். செவிக்குத்தான் விருந்து. இளநீரை ஆட்டினால் சத்தமே வராது. தண்ணீர் நிரம்பியிருக்கிறது, அலைய இடமில்லை. முற்ற முற்றப் பருப்பு தடித்துத் தண்ணீர் குறையும். அப்போது 'களக் களக்'. தண்ணீர் வற்றிப் பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்றால் 'கடகட'. அது கொப்பரை, சட்னிக்கு ஆகாது, செக்குக்குப் போகட்டும். தட்டுதலோ தனிக் கலை. விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதோரம் பிடித்து அரைக்கண் மூடல். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் வித்வானின் முகம் அப்படியே வந்துவிடும். பலர் தட்டுவது தம் காதுக்காக அல்ல, கடைக்காரர் காதில் விழுவதற்காக என்பது என் துணிபு.

மோப்பமும் சுவையும்தான் பொய் சொல்லாத சாட்சிகள். அவை இரண்டும் காசைக் கொடுத்து, வீடு வந்து, உடைத்த பிறகே வாய் திறக்கின்றன. மரபியல் இரண்டாம், மூன்றாம் படிகளில் வைத்ததை வணிகம் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

ஆறாவது அறிவு வேறெங்கோ இருக்கும்போது மற்றவை என்ன செய்கின்றன? இதற்கொரு சோதனை, திட்டமிடாமலே நடந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, மேலாளருக்கு 'சரி சார்' சொல்லிக்கொண்டே ஒரு காயை எடுத்தேன். எடை பார்த்தேன், தட்டினேன், ஆட்டினேன்.

"அங்க என்னப்பா, தண்ணி சத்தம்?" என்றார் மேலாளர்.

எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

இரவு அம்மா அரிவாள் முதுகால் ஒரு போடு போட்டார். வாடை கூடம்வரை வந்தது.

"தட்டிப் பாத்தியாடா?"

"பாத்தேம்மா."

"தட்டினே. பாத்தியா?"

மறுநாள் இட்லிக்குத் தக்காளிச் சட்னி.