அமைதியான கப்பலில் இளசுகளுக்கு என்ன வேலை?

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் ஒரே கப்பலில் ஏறி வந்திருக்கின்றன. ஹாலந்து அமெரிக்கா லைன் கப்பலில் அலாஸ்கா போக ஆசை; ஆனால் வயது இருபது, முப்பதுகளில்தான் இருக்கிறது; போனால் பொழுது போகுமா? இதுதான் எல்லோருடைய கவலையும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாமனார், மாமியார் தங்களோடு எங்களுக்கும் சேர்த்து அலாஸ்கா கப்பலில் இடம் பிடித்துவிட்டார்கள். 'அது பென்ஷன்காரர்கள் கப்பலாச்சே' என்கிறார்கள் தோழிகள். எனக்கு 29 வயது. மாட்டிக்கொண்டேனா?
*– வாசகி, சியாட்டில்*

தோழிகள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் காலண்டர் சொல்லும். கப்பலில் எந்த வயதுக்காரர்கள் இருப்பார்கள் என்பதைக் கம்பெனியின் பெயரைவிடப் பயணத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஜனவரியில் கிளம்பி நூறு நாளுக்கு மேல் உலகைச் சுற்றும் பயணங்களும் இந்த நிறுவனத்தில் உண்டு. அதற்கு லீவு கொடுக்கும் மேனேஜர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அந்தக் கப்பல் முழுக்க ஓய்வு பெற்றவர்கள்தான்.

ஜூன், ஜூலையில் போகும் ஏழு நாள் அலாஸ்கா பயணம் வேறு ரகம். பள்ளி விடுமுறை என்பதால் தாத்தா-பாட்டி, மகன்-மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஏறும். மே மாதமும் செப்டம்பரும் இரண்டுக்கும் நடுவில்: கட்டணம் பொதுவாகக் குறையும், சக பயணிகளின் வயது ஏறும். உங்கள் டிக்கெட்டில் எந்த மாதம் என்று பாருங்கள்.

'அமைதியான கப்பல்' என்று விளம்பரம் செய்தால், என்னவெல்லாம் இருக்காது என்று அர்த்தம்?
*– பொறியியல் மாணவர், வாட்டர்லூ*

நீர்ச்சறுக்குகள் இருக்காது. பாறை ஏறும் சுவர் இருக்காது. கூட்டமும் பாதிதான் இருக்கும். 2024-இல் கடலுக்கு வந்த ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் ஆறு நீர்ச்சறுக்குகள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். ஹாலந்து அமெரிக்காவின் பெரிய கப்பல்களான கோனிங்ஸ்டாம், நியூ ஸ்டேட்டன்டாம், ராட்டர்டாம் மூன்றிலும் ஏறக்குறைய 2,650 பேர்தான். மற்றவை இன்னும் சிறியவை. லிஃப்ட் வாசலிலும் சாப்பாட்டு வரிசையிலும் இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

உங்களை நாள் முழுக்கக் கலகலப்பாக வைத்திருக்கும் பொறுப்பை இந்தக் கப்பல் ஏற்பதில்லை. நல்ல நாற்காலியைப் போட்டு, கடலைக் காட்டிவிட்டு, உங்களை நம்பி ஒதுங்கிக்கொள்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1873-இல் ராட்டர்டாம் நகரில் பிறந்த நிறுவனம் இது. 1989-லிருந்து கார்னிவல் குழுமத்தின் கையில் இருக்கிறது. இந்த நிறுவனத்தைத் தொடக்கத்தில் தாங்கியவர்கள், பிழைப்புத் தேடி மலிவு டிக்கெட்டில் நியூயார்க் போன குடியேறிகள். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள். கப்பலில் உங்களுக்கு இருப்பது பழைய உரிமை!

ராத்திரி எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்களா?
*– மென்பொருள் ஊழியர், சான் ஹோஸே*

ஜூன் மாதம் போனால் சூரியனையே அணைக்க மாட்டார்கள். ஜூனோவில் அது மறையும்போது இரவு மணி பத்து!

பெரிய கப்பல்களில் இசைக்கென்றே ஒரு நடைபாதை இருக்கிறது. பி.பி. கிங் பெயரில் ஒரு ப்ளூஸ் அரங்கம், 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் பெயரில் ஒரு ராக் அறை, பியானோ இசைக்கு ஒரு கூடம் என்று அடுத்தடுத்து அமைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டு பிடிக்கவில்லையென்றால் பத்தடி நடந்தால் போதும். வாசிப்பவர்கள் தேர்ந்த கலைஞர்கள். நேரில் கேட்பது தனிச் சுகம். ஆடுகளத்தில் உங்களுக்கு முன்பே எழுபது வயதுக்காரர்கள் இறங்கியிருப்பார்கள், நடன அசைவுகளும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். விடிய விடிய டிஜே வேண்டும் என்றால் மட்டும் இது உங்கள் இடமில்லை. மது அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கப்பல் கரையே தொடாமல் 'கிளேசியர் பே' என்ற இடத்தில் ஒரு நாள் முழுக்கச் சுற்றுமாமே? அன்றைக்கு என்ன செய்வது?
*– புதுமணத் தம்பதி, டொரான்டோ*

பார்ப்பதுதான் அன்றைய வேலை. அந்த ஒரு நாளுக்காகவே இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுலாக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. உள்ளே நுழையும்போது பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள். கண்ணில் படும் மலை, பறவை, கடல்நாய் எல்லாவற்றையும் விளக்குவார்கள். 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது இந்த விரிகுடாவே இல்லை. ஏறக்குறைய வாய்வரை பனி அடைத்திருந்தது. அந்தப் பனி இன்றைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. நீங்கள் மிதந்து போகும் தண்ணீர் முழுக்க ஒரு காலத்தில் பனியாறு.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெல்லத் திரும்பும். பனியாற்றின் முகப்பு மட்டும் ஏறக்குறைய ஒரு மைல் அகலம். எந்தப் பக்கத்து அறைக்காரருக்கும் காட்சி கிடைக்கும். 'இடது பக்க பால்கனியா, வலது பக்கமா' என்று சண்டை போட வேண்டாம். அன்று கப்பலின் முன்தளத்தைப் பயணிகளுக்குத் திறந்துவிடுவார்கள். டச்சு வழக்கப்படி சூடான பட்டாணி சூப்பும் தளத்திலேயே வரும். கையுறை, காதை மூடும் குல்லாய், பைனாகுலர் மூன்றும் அவசியம். போனைப் பத்து நிமிடம் பையில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: பனி உடையும் ஓசை, விழுந்த பிறகுதான் வந்து சேரும்.

எனக்கு ஓடியாடிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து கடல் பார்ப்பதெல்லாம் சரிப்படாது.
*– மாரத்தான் ஓடுபவர், சென்னை*

கப்பலில் ஜிம் உண்டு. கப்பலைச் சுற்றி வளைத்து நடக்கும் தளம் உண்டு. மழை வந்தால் கூரை மூடிக்கொள்ளும் நீச்சல்குளம் உண்டு. பிக்கிள்பால் ஆடக் களம் உண்டு; ஆட வரும் பாட்டிகளைக் குறைத்து எடைபோட்டால் தோற்றுப்போவீர்கள்.

உங்கள் கால்களுக்கு உண்மையான தீனி துறைமுகங்களில் இருக்கிறது. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானமோ கப்பலோதான். ஊருக்குள்ளிருந்தே ராபர்ட்ஸ் மலைக்குப் பாதை ஏறுகிறது. ஸ்காக்வேயில் கப்பலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் டியூயி ஏரிக்குப் போகும் காட்டுப் பாதை வந்துவிடும். 1898-இல் தங்க வேட்டைக் காலத்தில் போடத் தொடங்கிய ஒயிட் பாஸ் ரயிலும் அங்கேதான். பெரியவர்கள் ரயிலில் போகட்டும், நீங்கள் ஏரிக்கு ஏறுங்கள். மாலையில் கப்பலில் கதை பரிமாறிக்கொள்ளலாம். பகலெல்லாம் மலையேறிவிட்டு வருபவருக்கு அமைதியான கப்பல் எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்கு இரவு புரியும்.

கோட்டு, சூட்டு கட்டாயமா? என்னிடம் இருப்பதெல்லாம் டி-ஷர்ட்தான்.
*– வாசகர், வான்கூவர்*

கட்டாயமில்லை. சாதாரண இரவுகளில் காலர் வைத்த சட்டையும் நல்ல பேண்ட்டும் போதும். பயணத்தில் ஓரிரு இரவுகளை மட்டும் 'டிரெஸ்ஸி' என்று அறிவிப்பார்கள்; அன்று கொஞ்சம் மெனக்கெடலாம். முக்கிய உணவுக்கூடத்துக்குள் அரை டிராயர், நீச்சல் உடை, கிழிசல் ஜீன்ஸ் கூடாது. பெண்கள் பட்டுப்புடவை ஒன்றை எடுத்துப் போனால் அன்றைய இரவின் நாயகி அவர்தான். முன்பின் தெரியாதவர்கள் நின்று பாராட்டிவிட்டுப் போவார்கள். பர்கர், பீட்சா கடைகளில் டி-ஷர்ட்டுக்குத் தடையில்லை.

நான் சைவம். முட்டையும் சாப்பிடுவதில்லை. ஏழு நாளும் சாலட்தானா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் முட்டையும் சீஸும் வரும். மீன், இறைச்சி, முட்டை மூன்றும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏறிய முதல் நாளே உணவுக்கூட மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி உங்களுக்கேற்ப மாற்றித் தரக் கேட்கலாம். லிடோ தளத்து பஃபேயில் பெரும்பாலும் சோறும் ஏதாவது ஒரு கறியும் கிடைக்கும். கடையில் சீல் வைத்து விற்கும் பருப்புப்பொடி பாக்கெட் ஒன்று கைவசம் இருக்கட்டும்; சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தனியாகப் போகலாமா? வயது 28.
*– செவிலியர், சிங்கப்பூர்*

தாராளமாக. இடைஞ்சல் செலவில்தான். அறைக் கட்டணம் இருவருக்கென்று போடப்படுவதால், தனியாகப் போகிறவர் கூடுதலாகக் கட்ட நேரும். நான் மேலே சொன்ன மூன்று பெரிய கப்பல்களிலும் ஒருவருக்கான கடல் பார்த்த அறைகள் இருக்கின்றன. கப்பலுக்குப் பன்னிரண்டுதான் என்பதால் சீக்கிரம் போய்விடும். சாப்பாட்டு மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். தனியாக வருபவர்கள் சந்திக்கும் நேரம் அன்றாட நிகழ்ச்சி நிரலில் இருக்கும்; முதல் நாள் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

டிக்கெட் காசு கட்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா?
*– வாசகர், மதுரை*

முடியவில்லை. அறை, முக்கிய உணவுக்கூடம், பஃபே, பர்கர், பீட்சா, இசை, நிகழ்ச்சிகள், ஜிம் எல்லாம் கட்டணத்துக்குள். மது, சோடா, இணையம், ஸ்பா, தனி உணவகங்கள், கரைச் சுற்றுலாக்கள் வெளியே. ஊழியர்களுக்கான டிப்ஸ், ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல், உங்கள் கணக்கில் தானாக ஏறும். அதைப் பாரமாக நினைக்காதீர்கள். உங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவரும் தட்டு எடுப்பவரும் பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள். பல மாதம் பிள்ளைகுட்டிகளைப் பிரிந்து உழைப்பவர்கள்.

மதுவும் இணையமும் சுற்றுலாவும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பார்கள். குடிக்காதவர் அதை வாங்கும் முன் காகிதத்தில் கூட்டிப் பார்க்கட்டும்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்குகிறோம். கனடா விசா எதற்கு?
*– எச்1பி தம்பதி, பெல்வியூ*

1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதால். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்குவதென்றால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் பறப்பது நெதர்லாந்துக் கொடி. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவை எட்டிப் பார்த்துவிட்டு வருகின்றன. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வான்கூவரில் ஏறுபவர்களுக்கு இரண்டு நாட்டு விசாவும் தேவை. அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், டிக்கெட் வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

சுற்றிலும் பெரியவர்கள். அவர்களோடு என்னதான் பேசுவது?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

'இதற்கு முன் எந்தக் கடலுக்குப் போனீர்கள்?' என்று ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவே வேண்டியிருக்காது. இந்த நிறுவனத்தின் கப்பல்களில் 100 நாள் கழித்தவர்களுக்கு வெண்கலப் பதக்கம் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம். உச்சித்தளத்தின் முன்பக்கம் 'க்ரோஸ் நெஸ்ட்' என்ற கண்ணாடிக் கூடம் இருக்கிறது. காலையில் அங்கே போனால் பதக்கக்காரர்கள் காபியோடு புதிர்ப்படத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு துண்டை எடுத்துப் பொருத்துங்கள், நட்பு தொடங்கிவிடும்.

நம் அலுவலகத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் எல்லோரும் நம் வயதுதான். வேலையை முடித்து, பிள்ளைகளை வளர்த்து, துணையை இழந்து, அதற்குப் பிறகும் பெட்டி கட்டிக் கிளம்பிய ஒருவரோடு அவசரமில்லாமல் பேச நமக்கு எங்கே வாய்க்கிறது? ஒரு மேசையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். முப்பது வயதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படவே வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கப்பலில் இளைஞர்களுக்குக் கிடைக்கும் பெரிய சொகுசு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்களுக்கு நான்கு வயதுப் பெண். குழந்தைகளை ஏற்பார்களா? இதைவிட அமைதியான கப்பலும் உண்டா?
*– வாசகி, லண்டன்*

ஏற்பார்கள். மூன்று வயது முதல் 17 வரை தனிக் கூடம் வைத்துக் கவனிக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் குறைவாக இருக்கும் வாரங்களில் விளையாட்டுத் துணைக்குத் திண்டாட்டம். பள்ளி விடுமுறையில் போங்கள். இதைவிட அமைதி வேண்டுமென்றால் வைக்கிங்: 18 வயதுக்குக் கீழே அனுமதியில்லை, கேசினோவும் இல்லை. உடுத்திக்கொண்டு நடனமாட ஆசையென்றால் உங்கள் ஊர்ப் பக்கம் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் கியூனார்டின் குயின் மேரி 2.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். போகலாமா, ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
*– வாசகர், திருச்சி*

இரவு இரண்டு மணிவரை ஆட்டம் வேண்டுமென்றால் வேறு கப்பலில் போங்கள். அதுவும் நல்ல ஆசைதான். மலை, பனி, நல்ல இசை, நீண்ட பேச்சு இவற்றில் மனம் லயிக்கும் என்றால் ஓய்வுக் காலம்வரை ஒத்திவைக்காதீர்கள். அலாஸ்காவின் பனியாறுகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன. டியூயி ஏரிக்கு ஏறும் முழங்காலும் அப்படியே இருக்கப்போவதில்லை. மே மாதக் கட்டணத்தை இன்றைக்கே பாருங்கள், விசாவுக்கு நாளைக்கு விண்ணப்பியுங்கள்.