டெயில் லைட்: முதலில் எர்த்தைப் பார்!

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் டெயில் லைட் எரியவில்லை. பல்பு புதுசு, ஸ்விட்ச் புதுசு, பேட்டரியும் புதுசு. இன்னும் எதைத்தான் மாற்றுவது?

பதில்: மாற்ற வேண்டியது அநேகமாக எதுவுமில்லை, சுரண்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கும். பேட்டரியிலிருந்து விளக்குவரை கரண்ட் போக ஒயர் உண்டு. அது பேட்டரிக்குத் திரும்பி வர வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. இதுதான் எர்த். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டின் பாடி, தனிச் சேஸிஸின்மேல் பல பகுதிகளாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. மூட்டுக்கு மூட்டு துரு ஏற இடமுண்டு. வண்டியைப் பிரித்துப் பெயிண்ட் அடித்துப் பூட்டினால் சிக்கல் இன்னும் கூடும். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. ரெஸ்டோர் செய்த வண்டி கண்ணாடியாய் மின்னும்போது டெயில் லைட் மட்டும் இருண்டு கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேள்வி: குற்றவாளி எர்த்தான் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: நீளமான ஓர் ஒயர் போதும். விளக்கைப் போட்டுவிட்டு, ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் வழக்கு முடிந்தது. விளக்கைப் பொருத்தும் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் வெறும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்துவிட்டால் மூட்டுகளை நம்பியிருக்கத் தேவையில்லை.

கேள்வி: டெயில் லைட் எரிகிறது, பிரேக்கை மிதித்ததும் அந்தப் பக்கம் அணைந்துவிடுகிறது. விளக்குக்குக் கோபமா?

பதில்: கோபமில்லை, திண்டாட்டம். ஒரே பல்புக்குள் 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது அறுந்தால், வாசல் அடைபட்டவர் கொல்லைப்புறமாக வெளியேறுவதுபோல, டெயிலுக்கு வந்த கரண்ட் பிரேக் இழைக்குள் நுழைந்து, பிரேக் ஒயர் வழியே மறுபக்க விளக்குக்குப் போய், அங்குள்ள எர்த்தில் இறங்குகிறது. அதனால் விளக்கு சற்று மங்கலாகவாவது எரிகிறது. பிரேக்கை மிதித்ததும் அந்தக் கொல்லைப்புறத்திலும் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு முனையிலும் ஒரே வோல்ட் இருந்தால் கரண்ட் நகராது, விளக்கு அணைகிறது. இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பதற்கும் இதேபோன்ற எர்த் கோளாறே காரணம்.

கேள்வி: எரியத்தான் எரிகிறது, ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது!

பதில்: 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலும் மறுமுனையைப் பல்பின் உலோக அடியிலும் வைத்தால், நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டாது. அதற்குமேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எர்த் சரியென்றால் கரண்ட் வரும் பக்கத்தையும் அப்படியே அளக்க வேண்டும். டிக்கிக்குள் ஒயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டரை இழுத்துப் பார்த்தால் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஹோல்டரின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம்.

கேள்வி: புது பல்பு போட்டதும் டெயில் லைட் கண்ணைக் கூசுகிறது, பிரேக் லைட் மங்குகிறது. பதவி மாற்றமா?

பதில்: ஆம், இழைகள் இடம் மாறிவிட்டன. இந்தப் பல்பின் இரு பக்கக் குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் பொருந்தக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. தேய்ந்த ஹோல்டரில் திணித்தால் தப்பாகவும் உட்கார்ந்துவிடும். பல்பு சரியாக இருந்தால் ஹோல்டரின் இரு ஒயர்களும் மாறியிருக்கின்றன.

கேள்வி: எந்த ஒயர் எதற்கு? டிக்கிக்குள் ஒரு வானவில்லே இருக்கிறது.

பதில்: லூகாஸ் நிறுவனத்தின் முறை ஒயரிங்கில் டெயிலுக்குச் சிவப்பு, பிரேக்குக்குப் பச்சையில் ஊதாக் கோடு, இடது இண்டிகேட்டருக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு. ஐம்பது ஆண்டுகளில் கையில் கிடைத்த ஒயரைப் போட்டவர்கள் பலர் இருப்பார்கள். அதனால் நிறத்தைப் பார்த்துவிட்டு, டெஸ்ட் லேம்ப்பை வைத்து உறுதி செய்வதே முறை.

கேள்வி: பிரேக் லைட் மட்டும் இரு பக்கமும் எரியவில்லை.

பதில்: இரண்டு பல்பும் ஒன்றாகப் போவது அரிது, பிரேக் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். பச்சை ஒயர்களுக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வரும் என்பதால் இக்னிஷனைப் போட்டு, ஸ்விட்சின் இரு ஒயர்களையும் இணைத்துப் பார்க்கலாம். எரிந்தால் ஸ்விட்ச் செத்துவிட்டது. அது பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வகையானால், மாற்றியபின் லைனிலிருந்து காற்றெடுப்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது, அடுத்துப் போவது ஒயராகவும் வண்டியாகவும் இருக்கும். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று இருப்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அதன் இடத்தில் இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போடுவதும் ஆபத்து. ஷார்ட்டைப் பிடிக்க, டெயில் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவரும்போது எங்கே அணைகிறதோ, அதற்குப் பின்னால்தான் ஒயர் தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது. டிக்கிக் கீலும், ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் ரப்பர் வளையமும் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்.

கேள்வி: வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

பதில்: டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒருசேரப் போட வேண்டும். ஒன்று எரிவதால் இன்னொன்று மங்கக் கூடாது. டிக்கியைத் திறந்து மூடி, ஒயர்களை அசைத்துப் பார்த்தாலும் எதுவும் மினுக்கக் கூடாது. எர்த்தில் மீண்டும் மீட்டரை வைத்து, 0.2 வோல்ட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டால் வண்டியை இரவுச் சாலைக்கு எடுக்கலாம்.