அலமாரி வழி உலகச் சுற்றுலா

வீட்டுப் படி இறங்காமல் உலகம் சுற்ற ஒரு வழி உண்டு: புகைப்பட நூல்களை வாங்கிக் குவிப்பது. விசா வேண்டாம், கண்ட தண்ணீரைக் குடித்து வயிறு கெடாது. வங்கிக் கணக்கு மட்டும் கொஞ்சம் இளைக்கும்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955-56இல் பழைய ஃபோர்டு காரில் அமெரிக்கா முழுக்க அலைந்தார். ஆர்க்கன்சாவில் போலீசார் சந்தேகப்பட்டு லாக்கப்பில் வைத்தார்கள். ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்து, 83ஐ மட்டும் 'தி அமெரிக்கன்ஸ்' நூலில் சேர்த்தார். நம் சேகரிப்பாளருக்கு அந்தத் தொல்லை இல்லை. கூரியர் வரும்போது வீட்டாரின் விசாரணை உண்டு. அதற்குத்தான் ஜாமீன் கிடையாது.

'ஜெனிசிஸ்' நூலுக்காக செபாஸ்டியாவோ சல்காடோ எட்டு ஆண்டுகள் அண்டார்க்டிகா, அமேசான் என்று திரிந்தார். நம்மவர் அதை ஞாயிறு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கடந்துவிடுவார். அதுவும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால்தான். பிரித்தால் மறுவிற்பனை விலை இறங்கிவிடுமே!

எடை வேறு சங்கடம். ஹெல்முட் நியூட்டனின் 'சுமோ' (1999) சுமார் 30 கிலோ. அதை வைக்க ஒரு தாங்கியையும் சேர்த்தே விற்றார்கள். நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரணமாக அனுமதிக்கும் பெட்டி 15 கிலோ. ஆக, நூலையும் சுமந்துகொண்டு ஊர் பார்க்கப் போக முடியாது.

அலமாரி நிறைந்தவர்களுக்கு ஒரு யோசனை: அடுத்த நூலின் விலைக்கு ரயில் டிக்கெட் எடுங்கள். ஜன்னலோரக் காட்சிக்கு உறை பிரிக்கும் கவலையே இல்லை.