புடுங்காதீங்கண்ணே!

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, மயிலாடுதுறை, விருத்தாசலம், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிறது. இன்ஜினைக் கழற்றுவதென்றால் பிரேக் ஓஸைப் பிரித்து, கப்ளிங்கை விடுவித்து, கொடி காட்டிய பிறகுதான் நகர்த்துவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பென்டிரைவ் என்று வந்துவிட்டால் மட்டும் அவசரக்குடுக்கைகள்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை காப்பி ஆகிக்கொண்டிருந்தது. கோடு முழுசாக ஓடி முடித்ததுதான் தாமதம், பெண்ணின் தாய்மாமன் பென்டிரைவை உருவிக்கொண்டு செஞ்சி பஸ்ஸைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார்.

"புடுங்காதீங்கண்ணே! அன்மவுண்ட் பண்ணல!" என்று கத்தினான் கடைப் பையன்.

"அமவுண்ட்டு நேத்தே குடுத்தாச்சுப்பா!" என்றபடி அவர் படியில் தொற்றிக்கொண்டார்.

பையன் கவலைப்பட்டது நியாயம். கடையில் இருப்பது லினக்ஸ். காப்பி முடிந்துவிட்டது என்று அது சொன்னால், பாதி முகஸ்துதி. ஃபைலை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதும். சில சமயம் 30 விநாடிகூட ஆகும். மாமா ஊரைத் தாண்டும்போது மாப்பிள்ளை பென்டிரைவில் இருந்திருப்பார். பெண் இன்னும் கடையின் ராமில்.

கழற்றுவதற்கான கட்டளை 'யுமவுண்ட்'. நடுவில் ஓர் 'என்' இருக்க வேண்டும், இல்லை. 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இல்லை, இனிமேலா வரப்போகிறது? சரி என்று அடித்தால், 'டார்கெட் இஸ் பிஸி' என்று வரும். யார் அந்த பிஸியான ஆள் என்று 'எல்எஸ்ஓஎஃப்' போட்டுத் தேடினால், பெரும்பாலும் நாமேதான்: கட்டளை அடிக்கிற டெர்மினலே அந்த டைரக்டரிக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே வந்துவிட்டு அடிக்க வேண்டும். அதற்கும் பொறுமையில்லாதவர்களுக்கு 'லேஸி' என்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போய்விட்டேன் என்று சொல்லிவிட்டு, கைவேலை முடிந்தபின் நிதானமாகப் போகும். எழுதியவர் நம் பக்கத்து ஆளோ என்னவோ.

2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பின்னாளில் அதில் புது விண்டோஸ் ஏற்றியவர்களுக்கு வேறு கூத்து. ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது. அதன் டிரைவைப் பார்க்கலாம், எழுதக்கூடாது என்று லினக்ஸ் கையைக் கட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் விளக்கம் வேண்டுமானால் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது எஃப்எஸ்டேப்: லினக்ஸ் எழும்போது எந்தெந்த டிஸ்கை மாட்ட வேண்டும் என்ற பட்டியல். அதில் ஒரு டிஸ்கின் பெயரை எழுதி, 'நோஃபெயில்' போடாமல் விட்டுவிட்டால், இப்போதைய லினக்ஸ் பெரும்பாலும் அந்த டிஸ்குக்காக 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் எமர்ஜென்சி என்று கையை விரித்துவிடும். திண்டிவனத்தில் எந்த கண்டக்டரும் யாருக்காகவும் அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை.